மின்னஞ்சலுக்குப் பின்பக்கம் இல்லை

எங்கள் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு மலருக்கு என் வேலை அனுபவத்தை எழுதித் தரும்படி மலர்க்குழுவில் இருக்கும் ரமணன் மூன்று முறை கேட்டார். "எழுதுங்கோ அக்கா, இளம் பிள்ளையள் படிக்கட்டும்" என்றார். என்னிடம் புத்திமதி ஒன்றும் இல்லை என்று இரண்டு முறை மறுத்தேன். மூன்றாவது முறை அவர் கேட்டது எனக்குக் கோபம் வந்திருந்த கிழமையில். அந்தக் கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

கோபத்துக்குக் காரணம் ஒரு கடிதம். நான் வேலை செய்த களஞ்சிய நிறுவனத்தில் இப்போது முறைப்பாடுகளுக்கென்று ஒரு பிரிவே இல்லை. வாடிக்கையாளர் தன் பொருள் பழுதாகிவிட்டது என்று இணையத்தில் எழுதுகிறார். இரண்டு நிமிடத்தில் கணினியே பதில் எழுதிவிடுகிறது. என்னோடு வேலை செய்த ஒருத்தி அப்படி ஒரு பதிலை எனக்குக் காட்டினாள். "தங்களுக்கு ஏற்பட்ட இழப்புக்கு வருந்துகிறோம். எமது நிபந்தனைகளின் பதினோராம் பிரிவைத் தயவுசெய்து கவனிக்கவும்." வாசித்ததும் எனக்கு முகம் சூடாகிவிட்டது. அது நான் எழுதிய வசனம். காற்புள்ளி, முற்றுப்புள்ளி உட்பட என்னுடையது. என் பழைய கடிதங்களைக் கொடுத்துத்தான் அந்த இயந்திரத்தைப் பழக்கியிருக்கிறார்கள். "இல்லை" சொல்வதை அது என்னிடம் கற்றுக்கொண்டிருக்கிறது. அந்த "இல்லை"யால் நான் பட்ட பாட்டை யாரும் அதற்குச் சொல்லவில்லை. அதனால் இங்கே சொல்கிறேன்.

ஜெர்மனியில் கெல்சென்கிர்ச்சன் நகருக்கு அகதியாக வந்து, வதிவிட அனுமதி கிடைத்த பிறகு நான் பார்த்த முதல் வேலை அந்தக் களஞ்சியத்தில் பெட்டிகளுக்கு ஒட்டுத்தாள் ஒட்டுவது. ஐந்து வருடம் ஒட்டினேன். பின்னேரங்களில் ஜெர்மன் படித்தேன். பிறகு அங்கேயே தொழில்பயிற்சி. நிறுவனத்தின் தலைமையகம் இங்கிலாந்தில். அங்கிருந்து வரும் கடிதங்களை வாசிக்க ஆள் தேவைப்பட்டது. யாழ்ப்பாணத்தில் படித்த ஆங்கிலம் எனக்கு உதவியது. அப்படித்தான் முறைப்பாட்டுப் பிரிவில் ஒரு மேசை கிடைத்தது. இதற்கு மேல் அந்தக் காலத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. குளிர், பஸ், களைப்பு. எல்லாருக்கும் இருந்ததுதான்.

என் வேலை என்ன என்று கேட்டால், ஒரு தாளின் பின்பக்கத்தைக் காவல் காப்பது. களஞ்சியத்தில் பொருள் வைக்க வரும் வியாபாரிக்கு நாங்கள் ஓர் உறுதிப்படுத்தல் தாள் கொடுப்போம். முன்பக்கத்தில் அவருடைய பெயர், பொருள், நிறை, வாடகை. அடியில் ஒரு வரி: "இந்த ஒப்பந்தத்துக்கு இங்கிலாந்துச் சட்டம் பொருந்தும். எமது நிபந்தனைகளைப் பின்பக்கம் பார்க்கவும்." பின்பக்கத்தில், சாம்பல் நிறத்தில், எறும்பு அளவு எழுத்தில் பத்தொன்பது நிபந்தனைகள். பதினோராவதுதான் முக்கியம். பொருளுக்கு என்ன நடந்தாலும், எப்படி நடந்தாலும், எங்கள் வேலையாட்களின் கவனக்குறைவால் நடந்தாலும்கூட, ஒரு கிலோவுக்கு இவ்வளவு என்ற அளவுக்கு மேல் நாங்கள் பொறுப்பில்லை. அந்த அளவு உருளைக்கிழங்குக்குப் பொருந்தும். வேறு எதற்கும் பொருந்தாது.

எனக்கு மேலதிகாரி பிரௌ வேபர், அதாவது திருமதி வேபர். உயரமான, மெலிந்த மனுஷி. எல்லாரையும் நீங்கள் என்றுதான் அழைப்பார், இருபது வருடம் பக்கத்து மேசையில் இருந்தவரையும். முறைப்பாட்டுக் கோப்பைக் கதிரையில் இருந்தபடி வாசிக்க மாட்டார். ஜன்னலோரம் நின்று, கோடு போடும் ஒரு மர அடிமட்டத்தை வரிக்குக் கீழே வைத்து, ஒவ்வொரு வரியாக இறக்கிக்கொண்டு வாசிப்பார். முடிந்ததும் கோப்பை மூடிவிட்டு என்னிடம் மூன்று கேள்வி கேட்பார். எல்லாக் கோப்புக்கும் அதே மூன்று, அதே வரிசையில்.

ஒன்று, நிபந்தனைத் தாள் ஒப்பந்தம் முடிவதற்கு முன் வாடிக்கையாளரின் கைக்குப் போனதா. இரண்டு, நடந்தது எதுவோ அதை நிபந்தனையின் சொற்கள் உண்மையில் தொடுகின்றனவா. மூன்று, சட்டம் அந்த நிபந்தனையை நிற்க விடுகிறதா.

இங்கிலாந்துச் சட்டத்தில் இந்த விடயத்தில் இருப்பது இவ்வளவுதான் என்பார். மிச்சம் எல்லாம் இந்த மூன்றுக்கும் வழக்கறிஞர்கள் போடும் உடுப்பு.

கடிதம் எழுதவும் அவரிடம் ஒரு விதி இருந்தது. "வருந்துகிறோம்" என்று எழுதலாம். "மன்னிக்கவும்" என்று எழுதக் கூடாது. வருந்துவது ஒரு மனநிலை, மன்னிப்புக் கேட்பது ஒப்புதல் என்பார். என் முதல் கடிதத்தில் நான் மன்னிப்புக் கேட்டிருந்தேன். சிவப்புப் பேனாவால் வெட்டி, "நீங்கள் நல்லவராக இருப்பது எனக்குத் தெரிகிறது. அதை வீட்டில் செய்யுங்கள்" என்று பக்கத்தில் எழுதித் திருப்பி அனுப்பினார்.

கல் நெஞ்சுக்காரி என்று நினைத்தேன். அந்த எண்ணத்தை மாற்றியது ஒரு காணிவல் உடைக்காரர்.

அவருக்கு வாடகை உடைக் கடை. மாரிக் குளிர் தொடங்க முன் உடைகளைப் பெட்டிகளில் போட்டு எங்களிடம் வைப்பார். காணிவல் என்ற மாறுவேட ஊர்வலத்துக்கு முன் எடுப்பார். அந்த வருடம் எங்கள் ஆட்கள் பெட்டி இலக்கத்தை மாறிப் பார்த்து, இறைச்சிக் கடைகளுக்குப் போக வேண்டிய வெள்ளை மேலங்கிகளைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். ஊர்வல நாள் காலை பெட்டியைத் திறந்தால் கடற்கொள்ளையரும் இல்லை, ராஜாக்களும் இல்லை. மனுஷன் தலையில் சேவல் கொண்டை, கீழே சாதாரணக் காற்சட்டை, ஊர்வலம் முடிந்த கையோடு அந்தக் கோலத்திலேயே எங்கள் காரியாலயத்துக்கு வந்து நின்றார்.

"நாற்பது இறைச்சிக்காரரை ஊர்வலத்தில் விட்டேன்" என்று கத்தினார். "பார்த்தவர்கள் ஏதோ வேலைநிறுத்தம் என்று நினைத்தார்கள்."

நிபந்தனைகளில் எட்டாவது, பொருளை விடுவிப்பதில் ஏற்படும் தாமதத்துக்கு நாங்கள் பொறுப்பில்லை என்கிறது. உடைகள் அவருக்குக் கிடைத்தது மூன்று நாள் கழித்து. தாமதம்தானே என்று நான் மறுப்புக் கடிதம் எழுதி வைத்தேன். பிரௌ வேபர் அடிமட்டத்தை எட்டாவது நிபந்தனைக்குக் கீழே வைத்தார்.

"இதில் என்ன எழுதியிருக்கிறது?"

"தாமதம்."

"நாம் செய்தது என்ன?"

"மூன்று நாள் பிந்திக் கொடுத்தது."

"இல்லை. நாம் உரிய நேரத்தில் பிழையான பொருளைக் கொடுத்தோம். அது தாமதம் அல்ல. அப்படியும் பார்க்கலாம், இப்படியும் பார்க்கலாம் என்றால், எழுதியவனுக்கு எதிராகத்தான் பார்க்க வேண்டும். எழுதியது நாங்கள். பேனா நம் கையில் இருந்தது. 'பிழையான பொருள்' என்று எழுத மறந்தது அந்தச் சேவலுடைய குற்றமா?"

கடைக்காரருக்கு முழு நட்டத்தையும் கொடுக்கச் சொன்னார். நல்ல மனதால் கொடுக்கவில்லை. சொல்லில் இல்லாததால் கொடுத்தார். அந்த நேர்மை எனக்குப் பிடித்தது. சொன்னதற்கு உள்ளே நில், சொல்லாததற்குள் ஒளியாதே. அவருக்கு இருந்த சமயம் அது ஒன்றுதான்.

ஆனால் காலம் போகப் போக அந்த மூன்று கேள்வியும் தேய்ந்தன. இதை நான் சொல்லித்தான் ஆக வேண்டும்.

மூன்றாவது கேள்வி முதலிலேயே செத்தது. நியாயமில்லாத பொறுப்பு விலக்குகளை வெட்டிவிட இங்கிலாந்தில் ஒரு சட்டம் இருக்கிறது. ஆனால் இரு தரப்பும் தாங்களாக விரும்பித் தெரிவு செய்ததால் மட்டுமே இங்கிலாந்துச் சட்டம் ஒரு ஒப்பந்தத்துக்கு வந்திருந்தால், அந்தப் பாதுகாப்பு அதோடு வராது. தலைமையக வழக்கறிஞர் இதை ஒரு முறை சிரித்துக்கொண்டே விளங்கப்படுத்தினார். ஜெர்மனியில் இருக்கும் சிறு வியாபாரிக்கு ஜெர்மன் சட்டத்தின் பாதுகாப்பும் கைவிட்டுப் போகும், இங்கிலாந்தின் பாதுகாப்பும் வந்து சேராது. இரண்டு வீட்டுக்கும் நடுவில் மழையில் நிற்பார். அதற்காகத்தான் அந்த ஒரு வரியை முன்பக்கத்தில் போட்டிருந்தார்கள். அவர் சிரித்தது எனக்கு இன்னும் காதில் கேட்கிறது.

இரண்டாவது கேள்வியும் செத்தது. சேவல் கொண்டைக்காரருக்குப் பிறகு தலைமையகம் நிபந்தனைகளைத் திருத்தி எழுதியது. ஓட்டை ஒன்றும் இல்லாமல் எழுதினார்கள்.

மிஞ்சியது முதல் கேள்வி. தாள் கைக்குப் போனதா. அதற்கு நான் கணினியில் கோப்பைத் திறந்து பார்த்து, "போனது" என்பேன். வருடக்கணக்காக அப்படித்தான் சொன்னேன்.

இப்போது தர்சினியின் கதைக்கு வருகிறேன்.

தர்சினி பீலெஃபெல்ட்டில் பிறந்து வளர்ந்த பிள்ளை. தகப்பன் எங்களைப்போல வந்தவர். அவள் படித்தது நோயுள்ள கால்களுக்குச் சப்பாத்து செய்யும் தொழில். கடையில் விற்கும் சப்பாத்து அல்ல. சர்க்கரை வியாதியால் விரல் எடுத்தவர், பிறவியில் கால் வளைந்தவர், விபத்தில் குதி நொறுங்கியவர், இவர்களுக்கு மருத்துவர் எழுதிக் கொடுத்துச் செய்யும் சப்பாத்து. அதற்கு ஒவ்வொருவருடைய பாதத்தையும் முதலில் சுண்ணத்தில் அச்செடுத்து, அதிலிருந்து மரத்தில் செதுக்கி வைக்க வேண்டும். அந்த மரப் பாதத்தின் மேல்தான் தோலை இழுத்துச் சப்பாத்து தைப்பார்கள். எங்கள் ஊரில் அதே தொழில் செய்த ஒரு ஜெர்மன் மாஸ்ரர் தன் பட்டறையை அவளுக்கு விற்றார். பட்டறையின் உண்மையான சொத்து அந்த மரப் பாதங்கள்தான். நூறு நோயாளிக்கு மேல், ஆளுக்கு ஒரு சோடி. பட்டறைக்குப் புதுத் தரை போடும் வரை இரண்டு மாதத்துக்கு அவற்றை எங்களிடம் வைத்தாள்.

களஞ்சியத்தில் தீயணைப்புத் தண்ணீர்க் குழாயின் ஒரு பொருத்து கசிந்தது. எச்சரிக்கை மணி சும்மா சும்மா அடிக்கிறது என்று எங்கள் ஆட்கள் அதை நிறுத்தி வைத்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை தொடங்கித் திங்கட்கிழமை வரை அந்தப் பெட்டிகள் தண்ணீரில் நின்றன. மரம் ஊதி, வெடித்து, சில இரண்டாகப் பிளந்தே போயின.

அவளுடைய முறைப்பாடு வந்தது. கோப்பைத் திறந்தேன். நிறையைப் பார்த்தேன். கிலோக் கணக்குப் போட்டேன். வருந்துகிறோம் என்று எழுதினேன். பிரௌ வேபர் கையெழுத்து வைத்தார். பத்து நிமிட வேலை.

நான்கு நாள் கழித்து அவளே வந்தாள். ஜெர்மனில்தான் தொடங்கினாள். என் மேசையில் இருந்த பெயரைப் பார்த்துவிட்டு நிறுத்தினாள்.

"அன்ரி, நீங்கள் தமிழோ?"

"ஓம். அதால ஒண்டும் மாறாது."

"மாறச் சொல்லிக் கேக்கேல்லை. பேசுறதெண்டால் தமிழில பேசலாம் எண்டு பாத்தனான்."

கைப்பையிலிருந்து ஒரு மரப் பாதத்தை எடுத்து என் மேசையில் வைத்தாள். நடுவில் வெடிப்பு. அடியில் பென்சிலால் ஒரு பெயர், கரைந்து போய்.

"இது ஒரு பஸ் ஓட்டுறவற்றை வலது கால். ரெண்டு விரல் இல்லை. இந்தக் கட்டையில செய்த சப்பாத்துப் போட்டால் வேலைக்குப் போவார். இல்லாட்டிக் கால் புண்ணாகும். உங்கடை கடிதத்தில இது எத்தினை கிலோ எண்டு வடிவா எழுதியிருக்கு. ஆற்றை கால் எண்டு இல்லை."

"பிள்ளை, எனக்கும் கவலைதான். ஆனால் நிபந்தனை எல்லாருக்கும் ஒண்டுதான். பின்பக்கத்தைப் படிச்சுப்போட்டுப் பொருளை வைச்சிருக்க வேணும்."

"எந்தப் பின்பக்கம்?"

"உறுதிப்படுத்தல் தாளின்ரை பின்பக்கம்."

"எனக்குத் தாள் வரேல்லை. மெயில் வந்தது. ஒரு பக்கம்."

"எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுறவை."

"எல்லாரும் சொல்லுறவை எண்டால் ஒருக்கால் போய்ப் பாத்திருக்கலாமே, அன்ரி."

எனக்குச் சுறுக்கென்று கோபம் வந்தது. என்ன வாய் என்று நினைத்தேன். அவள் கத்தவில்லை, அழவில்லை. நிலைமையைச் சொன்னாள். எல்லா நோயாளிகளையும் திரும்பக் கூப்பிட்டு, அச்செடுத்து, மரம் செதுக்க வேண்டும். அதற்கு மரம், சுண்ணம், ஒரு உதவியாள், மூன்று மாதம். கையில் ஒன்றும் இல்லை, வங்கி ஏற்கெனவே பட்டறைக்குக் கடன் கொடுத்துவிட்டது. இலையுதிர்காலத்துக்குள் சப்பாத்துகளைக் கொடுக்காவிட்டால் நோயாளிகள் நகரத்துப் பெரிய கடைக்குப் போய்விடுவார்கள். பட்டறை மூடப்படும்.

"உங்கட கிலோக் காசில நான் ஒரு பஸ் ரிக்கற் எடுத்து வீட்டை போகலாம்" என்றாள். மரப் பாதத்தை எடுக்காமல் போய்விட்டாள்.

அது என் மேசையிலேயே கிடந்தது. கோபத்தில்தான் தேடப் போனேன், அவளைப் பிழையென்று காட்ட. கணினியில் எங்கள் கோப்பில் இரண்டு பக்கமும் இருந்தன. ஆனால் அது எங்கள் பிரதி. அவளுக்குப் போன மின்னஞ்சலை நான் ஒரு நாளும் திறந்து பார்த்ததில்லை. விற்பனைப் பிரிவில் இருந்த பெடியனிடம் கேட்டு, போன அஞ்சலை எடுப்பித்தேன். ஒரு பக்கம். முன்பக்கம் மட்டும். வேறு இருபது பேருடையதைத் திறக்கச் சொன்னேன். எல்லாமே ஒரு பக்கம்.

"ஏன் பின்பக்கத்தை அனுப்புவதில்லை?" என்று கேட்டேன்.

அவன் என்னை விசித்திரமாகப் பார்த்தான். "நீங்கள் சொன்னபடிதானே, பிரௌ செல்வராஜா" என்று சுவரைக் காட்டினான்.

ஸ்கானருக்கு மேலே, பிளாஸ்ரிக் உறை போட்டு, ஒரு அறிவித்தல். "முன்பக்கம் மட்டும்!" கீழே என் முதலெழுத்துகள்.

எனக்கு நினைவு வந்தது. பக்ஸ் என்ற தொலைநகலை விட்டு ஸ்கானருக்கும் மின்னஞ்சலுக்கும் மாறிய காலம். பின்பக்கத்தின் சாம்பல் எழுத்தை ஸ்கான் பண்ணினால் கறுப்புக் கறையாக வரும். கோப்பு பெரிதாகி அஞ்சல் திரும்பி வரும். விற்பனைப் பிரிவு நாள் முழுக்க எனக்குத் தொலைபேசி எடுத்து அழுதது. பின்பக்கம் எல்லாருக்கும் ஒன்றுதானே, யார் வாசிக்கப் போகிறார்கள் என்று நினைத்து, நானே எழுதி நானே ஒட்டினேன். இரண்டு நிமிட வேலை. அதன் பிறகு அந்தக் கட்டடத்தை விட்டு ஒரு பின்பக்கமும் வெளியே போகவில்லை. போகாத தாளைக் காட்டித்தான் நான் வருடக்கணக்காக ஆட்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

என்ன நினைத்தேன் என்று ஒளிக்காமல் சொல்கிறேன். அறிவித்தலைக் கிழித்துக் கைப்பையில் வைக்கலாம் என்று நினைத்தேன். ஓய்வூதியத்துக்கு எனக்கு இன்னும் நாலு வருடம். அந்தப் பெடியனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவளுக்குச் சட்டம் தெரியாது. யாருக்கும் தெரிய வராது.

கிழித்தேன்தான். ஆனால் பிரௌ வேபரின் மேசையில் கொண்டுபோய் வைத்தேன்.

அவர் நின்றபடி வாசித்தார். இரண்டு சொல்லுக்கும் அடிமட்டம் வைத்தார்.

"இதை எழுதியது யார்?"

"கீழே இருக்கிறது."

"இருக்கிறது. உங்கள் வாயால் கேட்கிறேன்."

"நான்."

திட்டுவார் என்று காத்திருந்தேன். "நான் ஒவ்வொரு முறையும் உங்களிடம் தாள் போனதா என்று கேட்டேன்" என்றார். "நீங்கள் போனது என்றீர்கள். காட்டுங்கள் என்று நான் கேட்டிருக்க வேண்டும். முதல் சில வருடங்கள் கேட்டேன். பிறகு கேட்கவில்லை. இதில் பாதி என்னுடையது." பிறகு தலைமையகத்துக்குத் தொலைபேசி எடுத்தார். நான் கேட்கும்படி ஒலிபெருக்கியைப் போட்டார்.

அந்தச் சிரிக்கும் வழக்கறிஞர்தான். இந்த முறை சிரிக்கவில்லை. முன்பக்கத்தில் "பின்பக்கம் பார்க்கவும்" என்று இருக்கிறதே, புத்தியுள்ள ஒரு வியாபாரி அது எங்கே என்று கேட்டிருப்பார், கேட்காதது அவருடைய பிழை என்று வாதாடினார்.

"எதன் பின்பக்கம்?" என்று கேட்டார் பிரௌ வேபர். "அந்தப் பெண்ணுக்குப் போனது மின்னஞ்சல். நான் என் கணினித் திரையைத் திருப்பிப் பார்த்தேன். பின்னால் வயரும் தூசியும்தான் இருக்கின்றன. பதினோராம் பிரிவைக் காணவில்லை."

அடிமட்டத்தை மேசையில் வைத்தார்.

"காட்டாத நிபந்தனை ஒப்பந்தத்தில் இல்லை" என்றார். "இது உங்கள் நாட்டுச் சட்டம். நான் உங்களிடம்தான் கற்றேன்."

பத்து நாளில் தலைமையகம் இறங்கியது. தர்சினிக்கு முழு நட்டமும் கொடுப்பது, ஆனால் அவள் ஒரு தாளில் கையெழுத்து வைக்க வேண்டும். எதற்காகக் கொடுக்கப்பட்டது என்று வெளியில் மூச்சு விடக் கூடாது. பழைய கோப்புகளைக் கிண்டக் கூடாது என்று எங்களுக்கும் சொன்னார்கள், வாயால் மட்டும். எழுத்தில் தரவில்லை. எழுத்தின் விலை அவர்களுக்குத் தெரியும்.

கையெழுத்துக்கு வந்த தர்சினி அந்தத் தாளை முழுதாக வாசித்தாள். திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தாள். அதில் ஒன்றும் இல்லை.

"அன்ரி, இதில சைன் வைச்சால் நான் ஒருத்தருக்கும் சொல்ல ஏலாது, என்ன?"

"ஏலாது."

"மற்ற ஆக்களுக்கும் ஒரு பக்கம்தானே போனது?"

அவள் என் முகத்தைப் பார்த்தே கண்டுகொண்டாள்.

"எனக்கு வேற வழியில்லை. என்ரை ஆக்கள் நடக்க வேணும்" என்று சொல்லிக் கையெழுத்து வைத்தாள். பேனாவை மூடி என் பக்கம் தள்ளினாள். "என்ரை வாயைக் கட்டியாச்சு. உங்களிட்டை ஒருத்தரும் சைன் வாங்கேல்லையே."

எத்தனையோ பெரிய மனிதர்கள் எனக்கு எவ்வளவோ சொல்லியிருக்கிறார்கள். செவிட்டில் அறைந்த மாதிரிக் கேட்டது இந்த ஒன்றுதான்.

அடுத்த இரண்டு கிழமை நான் வேறு வேலை பார்க்கவில்லை. இங்கிலாந்துச் சட்டத்தில் ஒப்பந்தத்தை மீறினால் வழக்குப் போட ஆறு வருடம் இருக்கிறது. அந்த ஆறு வருடத்துக்குள் பதினோராம் பிரிவைக் காட்டி நான் திருப்பி அனுப்பியவர்களின் பட்டியலை எடுத்தேன். அதற்கு முந்தியவர்களுக்கு இனி ஒன்றும் செய்ய முடியாது. அவர்களுடைய பெயர்களையும் வாசித்தேன். வாசிக்காமல் மூட மனம் வரவில்லை.

பட்டியலைப் பார்த்த பிரௌ வேபர், தானே கதிரையில் இருந்து ஒரு கடிதம் எழுதினார். இருந்து. அவர் இருந்து எழுதி நான் கண்டது அன்றுதான்.

"உங்கள் கோப்பைச் சரிபார்த்தபோது, எமது நிபந்தனைகளின் தாள் அக்காலத்தில் உங்களுக்கு அனுப்பப்படவில்லை என்று தெரிந்தது. அதை இத்துடன் அனுப்புகிறோம்."

அவ்வளவுதான். வருத்தமும் இல்லை, மன்னிப்பும் இல்லை. நட்டஈடு என்ற சொல்லும் இல்லை. உண்மை மட்டும். பட்டியலில் இருந்த ஒவ்வொருவருக்கும் ஒரு பிரதி எடுத்து, ஒவ்வொன்றிலும் மையால் கையெழுத்து வைத்தார். "நாம் யாருக்கும் ஆலோசனை சொல்லவில்லை" என்றார். "விடுபட்ட தபாலை அனுப்புகிறோம்." நான் தபால் பெட்டிக்குக் கொண்டுபோனேன்.

மாதம் முடிவதற்குள் தலைமையகத்துக்கு விடயம் போய்விட்டது. பிரௌ வேபரை நேரத்தோடே ஓய்வில் அனுப்பினார்கள். பிரிவு உபசாரம் இல்லை. அடிமட்டத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டு, எனக்குக் கை கொடுத்துவிட்டுப் போனார். என்னை எழுத்துமூலம் எச்சரித்து, வாசலில் வரவேற்பு மேசையில் இருத்தினார்கள். கடைசி நாலு வருடமும் அங்கேதான். எனக்கு அது தண்டனையாகத் தெரியவில்லை.

தர்சினி நோயாளிகளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு எல்லாப் பாதங்களையும் திரும்பச் செதுக்கினாள். சிலர் காத்திராமல் போய்விட்டார்கள். பெரும்பாலானவர்கள் நின்றார்கள். பட்டறை இன்றும் திறந்திருக்கிறது.

அந்தக் கடிதங்களைப் பலர் குப்பையில் போட்டிருப்பார்கள். விளம்பரம் என்று நினைத்திருப்பார்கள். சிலருக்கு விளங்கியது. நான் வரவேற்பு மேசைக்குப் போன மூன்றாம் நாள் ஒரு தேனீ வளர்ப்பவர் வந்தார். அவருடைய தேன்மெழுகுச் சட்டங்கள் எங்கள் களஞ்சியத்தில் வெப்பமூட்டிக்குப் பக்கத்தில் வைக்கப்பட்டு உருகிப் போனவை. மெழுகுக்கு நிறை ஏது. அவருக்கும் மறுப்புக் கடிதம் நான்தான் எழுதினேன்.

கடிதத்தையும் தாளையும் என் முன் வைத்தார். "இதை வைத்து நான் என்ன செய்ய வேண்டும்?"

"நான் சொல்லக் கூடாது. வாசித்துப் பாருங்கள்."

கதிரையை இழுத்துப் போட்டு, கண்ணாடியை மாட்டி, பத்தொன்பது நிபந்தனைகளையும் வாசித்தார். அத்தனையையும் ஒருவர் என் முன்னால் இருந்து வாசித்து நான் பார்த்தது அதுவே முதல் தடவை. அரை மணிக்கு மேல் எடுத்தது. பிறகு தபால் உறையில் இருந்த திகதியைப் பார்த்தார்.

"இது எனக்கு அப்போது வரவில்லை. இப்போதுதான் வந்திருக்கிறது."

"ஆமாம்."

"அப்படியானால் அப்போது இது இல்லை."

தலையை ஆட்டினேன். அவர் ஒரு தாளும் பேனாவும் கேட்டு வாங்கி, அங்கேயே புதிதாக முறைப்பாடு எழுதினார். நான் 'கிடைத்தது' என்று முத்திரை குத்தி அவருக்கு ஒரு பிரதி கொடுத்தேன். அவருக்குப் பிறகு முழுதும் கிடைத்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

போகும்போது என் பெயரைப் பார்த்தார். "முதல் தடவை எனக்குக் கடிதம் எழுதியது நீங்கள்தானே?"

"நான்தான்."

"இந்த முறையும் நீங்களா பதில் எழுதுவீர்கள்?"

"இல்லை. என்னை அந்த வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள்."

"நல்லது" என்றார்.